வாட்ச் சொல்ற கிலோமீட்டரும் ரோட்டுல இருக்கிற கிலோமீட்டரும்

கேள்வி: அக்கா, போன மாசம் பெங்களூருல ஒரு 10கே ஓடினேன். வாட்ச்ல 10 கி.மீ. வந்தப்ப 59:30, சப்-60, அதாவது 60 நிமிஷத்துக்குள்ள, அடிச்சாச்சுன்னு நினைச்சேன், ஆனா ஃபினிஷ் லைன் அதுக்கப்புறமும் தள்ளி இருந்துச்சு. முடிக்கும்போது 10.31, டைம் 1:01:20. பக்கத்துலயே ஓடின ஆபீஸ் ஃப்ரெண்டுக்கு 10.14தான், அவன் வாட்ச் என்னோடதுல பாதி விலை. கோர்ஸை நீட்டிட்டாங்களா, இல்ல என் வாட்ச் டுபாக்கூரா?
– வாசகர், அல்சூர்

பதில்: தம்பி, வயித்தெரிச்சல் புரியுது, எனக்கும் நடந்திருக்கு. உங்க ரேஸ் சர்டிஃபைட் கோர்ஸ்னா அதை அளந்தது ஜிபிஎஸ் வச்சு இல்ல, சைக்கிள் வச்சு. முன் சக்கரத்துல ஜோன்ஸ் கவுன்டர்னு ஒரு சின்ன சாமான் மாட்டியிருப்பாங்க, சக்கரம் எவ்வளவு சுத்துச்சுன்னு அது எண்ணிட்டே வரும், ஸ்டீல் டேப் போட்டு அளந்த நேர் ரோட்டுல முதல்ல ஓட்டிப் பார்த்து கணக்கு சரிபண்ணிக்குவாங்க. திருப்பம் வந்தா ஓரத்துலேருந்து 30 செ.மீ. மட்டும் தள்ளி, இருக்கிறதுலயே குறுக்கு வழியில போவாங்க. அதுக்கு மேல, தூரம் குறைஞ்சிடக்கூடாதுன்னு கிலோமீட்டருக்கு 1 மீட்டர் கூட்டிப் போடுவாங்க. ஆக 10கே-க்கு 10 மீட்டர் எக்ஸ்ட்ரா, 310 மீட்டர் எல்லாம் இல்ல.

நீங்க அந்த குறுக்கு வழியிலயா ஓடினீங்க? செல்ஃபி எடுக்கிறவங்களை சுத்திப்போய், எதிர் ஓரத்துல இருக்கிற தண்ணிக்கு ரோட்டைக் கிராஸ் பண்ணி, திருப்பத்துல கூட்டத்தோட வெளிப்பக்கமா அடிச்சுட்டுப் போயிருப்பீங்க. ஒரு 90 டிகிரி திருப்பத்துல 4 மீட்டர் வெளியே சுத்தினாலே 6 மீட்டர் கூடிடும், அந்த மாதிரி பத்து திருப்பம்னா நீங்களே போட்டுப் பாருங்க. இது வாட்ச் தப்பு இல்ல, நிஜமாவே ஓடின தூரம்.

மிச்சம்தான் வாட்ச் சேர்த்தது. சாட்டிலைட் 20,200 கி.மீ. உயரத்துல இருக்கு, அங்கேருந்து சிக்னல் வர எடுத்த நேரத்தை வச்சுத்தான் இது தூரம் கண்டுபிடிக்குது. அந்த நேரத்துல ஒரு செகண்டுல பத்து லட்சத்துல ஒரு பங்கு பிசகினாலே 300 மீட்டர் அவுட். கண்ணாடி பில்டிங்ல முட்டித் திரும்பி வர்ற சிக்னல் லேட்டா வருது, கப்பன் பார்க் மரங்களுக்கு நடுவுல வீக்கா வருது, வாட்ச் உங்களை இங்க ஒரு புள்ளி அங்க ஒரு புள்ளின்னு வச்சு கோடு போட்டு இழுக்குது. மேப்பை ஜூம் பண்ணிப் பாருங்க, நேரா ஓடின இடத்துல எறும்பு ஊர்ந்த மாதிரி வளைஞ்சு இருக்கும். அந்த வளைவெல்லாம் மீட்டராச் சேரும்.

அதுக்காக ஃப்ரெண்டோட வாட்ச் கரெக்ட்னும் சொல்லிட முடியாது. ஒருவேளை டூயல் பேண்ட் இருக்கலாம், ரெண்டு அலைவரிசையில கேக்கிறதால முட்டி வர்ற சிக்னலை நல்லா பிரிச்சுப் பார்க்கும், இப்பல்லாம் விலை கம்மியான மாடல்லயே வருது. இல்லைன்னா பேட்டரி மிச்சம் பிடிக்க பல செகண்டுக்கு ஒரு தடவைதான் புள்ளி வச்சு, திருப்பத்தையெல்லாம் குறுக்கால வெட்டியிருக்கும். அப்பவும் கம்மியாத்தான் காட்டும்!

அடுத்த ரேஸ்ல ஆட்டோ லேப்பை (வாட்ச் தன் கணக்குல தானாவே ஒவ்வொரு கிலோமீட்டரையும் பிரிக்கிறது) ஆஃப் பண்ணிட்டு, ஒவ்வொரு கி.மீ. போர்டு கிட்டயும் நீங்களே லேப் பட்டனை அமுக்குங்க. வாட்ச் 10.2 காட்டும்னு வச்சுக்கிட்டு, சப்-60 வேணும்னா 5:50 பேஸ்ல (ஒரு கிலோமீட்டருக்கு 5 நிமிஷம் 50 செகண்டு) போங்க, 6:00 பத்தாது.

கேள்வி: சிஎம்ஹெச் ரோட்டுல மெட்ரோ பாலத்துக்குக் கீழ ஓடும்போது பேஸ் பைத்தியம் மாதிரி மாறுது. செட்டிங் ஏதாவது இருக்கா?
– வாசகி, இந்திராநகர்

பதில்: தலைக்கு மேல கான்க்ரீட் இருந்தா எந்த செட்டிங்கும் அதைத் துளைக்காதும்மா. அதே ரோட்டுல எனக்கு ஒருநாள் 3:40 பேஸ் காட்டுச்சு, நான் 6:30 ஆளு, அதுவும் முந்தினநாள் கல்யாணச் சாப்பாடு வேற. அந்த நிமிஷத்து பேஸைப் பார்க்காதீங்க, லேப் ஆவரேஜ் மட்டும் பாருங்க. ஸ்பீடு ஒர்க்அவுட்டுக்கு 400 மீட்டர் டிராக் ஏதாவது கிடைச்சா அங்க போயிடுங்க. ஆனா 400ங்கிறது முதல் லேனுக்கு மட்டும்தான், நாலாவது லேன்ல ஒரு ரவுண்டுக்கு சுமார் 22 மீட்டர் கூட. வாட்ச்ல டிராக் மோடு இருந்தா லேன் நம்பரை மறக்காம குடுங்க.

கேள்வி: ஜிபிஎஸ் லாக் ஆக, அதாவது சாட்டிலைட் சிக்னலைப் பிடிக்க, ரொம்ப நேரம் ஆகுது, அதனால அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்லயே ஸ்டார்ட் பண்ணிடறேன். தப்பா?
– வாசகர், கே.ஆர்.புரம்

பதில்: தப்புதான். முதல் அரை கிலோமீட்டர் குப்பையா வரும். ஒவ்வொரு சாட்டிலைட்டும் தன்னோட பாதை விவரத்தை 30 செகண்டுக்கு ஒரு தடவை அனுப்புது, வாட்ச் அதை முழுசா வாங்கணும். கிளம்பறதுக்கு முன்னாடி போனோட ஒரு தடவை சிங்க் பண்ணா அந்த விவரம் முன்கூட்டியே இறங்கிடும், சீக்கிரம் லாக் ஆகும். அப்புறம் கேட்டுக்கு வெளியே வானம் தெரியற இடத்துல நின்னு, லாக் ஆகிற வரைக்கும் வாட்ச்மேன் அண்ணாகிட்ட இன்னிக்கு காவிரித் தண்ணி வந்துச்சான்னு விசாரிச்சுட்டு இருங்க.