காதுக்குள் கேட்கும் நாடித்துடிப்பு

கேள்வி: ஏற்காடு நாகலூரில் இருக்கிறோம். அம்மாவுக்கு 54 வயது. ஒரு வருடமாக வலது காதில் ‘தப் தப்’ என்று சத்தம், காதும் மந்தம். மலைப்பாதையில் ஏறி இறங்குவதால் காது அடைக்கிறது என்று விட்டுவிட்டோம். சேலத்தில் டாக்டர் பார்த்துவிட்டு, செவிப்பறைக்குப் பின்னால் சிவப்பாக இருக்கிறது என்று ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ‘குளோமஸ் ஜுகுலாரே’ கட்டி என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. புற்றுநோயா? சதை எடுத்து டெஸ்ட் செய்யச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். என்ன செய்வது?

பதில்: சதை எடுக்க வேண்டாம். இது முழுக்க ரத்தக்குழாய்கள் நிறைந்த கட்டி. காது வழியாகக் கிள்ளி எடுத்தால் ரத்தத்தை நிறுத்துவதே பெரும்பாடாகிவிடும். சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டையும் வைத்தே பெரும்பாலும் இதை உறுதி செய்துவிடலாம். கட்டியைத் தொடாமல் ஸ்கேனுக்கு அனுப்பினாரே, அந்த டாக்டர் செய்ததுதான் சரி.

பெரும்பாலும் இது புற்றுநோய் அல்ல, மெதுவாக வளர்வது. அம்மாவின் மணிக்கட்டில் நாடி பிடித்துக்கொண்டு, காதில் சத்தம் வரும்போதெல்லாம் விரலால் தட்டச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக வரும். கட்டிக்குள் பாயும் ரத்தத்தின் ஓசைதான் அது.

கட்டி இருக்கும் இடம்தான் சிக்கல். மண்டையோட்டின் அடியில், விழுங்குவதற்கும் பேச்சுக்கும் நாக்குக்கும் தோளுக்கும் போகும் நரம்புகளை ஒட்டி இருக்கிறது. தண்ணீர் குடிக்கும்போது புரை ஏறுகிறதா, குரல் கம்மியிருக்கிறதா, நாக்கை நீட்டினால் ஒரு பக்கம் கோணுகிறதா என்று பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். திடீர் படபடப்பு, வியர்வை, தலைவலி, பி.பி. ஏற்றம் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். இந்தக் கட்டிகளில் சில அட்ரினலின் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கும். அது தெரியாமல் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து. அதனால் ஆபரேஷனுக்கு முன்பு, அந்த ஹார்மோன் சுரக்கிறதா என்று ரத்தத்திலோ சிறுநீரிலோ பார்க்கும் ‘மெட்டாநெஃப்ரின்’ பரிசோதனை அவசியம். ரத்த உறவில் வேறு யாருக்காவது கழுத்திலோ காதிலோ இப்படிக் கட்டி வந்திருக்கிறதா என்றும் விசாரியுங்கள்; சில குடும்பங்களில் இது பரம்பரையாக வரும்.

ஆபரேஷன் என்றால், ஓரிரு நாள் முன்பே தொடை ரத்தக்குழாய் வழியாகக் குழாய் செலுத்தி, கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைத்துவிட்டுச் செய்வார்கள். ஆனால் அம்மாவுக்கு நரம்புகள் எல்லாம் நன்றாக வேலை செய்தால், முதலில் ரேடியோசர்ஜரி, அதாவது கத்தி வைக்காமல் கட்டியின் மீது கதிர்வீச்சைக் குவிக்கும் சிகிச்சை பற்றிக் கேளுங்கள் என்பேன். கட்டி மறையாது, ஆனால் பெரும்பாலானவர்களுக்கு வளர்ச்சி நின்றுவிடும். கட்டியை எடுக்கப்போய் விழுங்கும் சக்தியை இழந்தால் வாழ்க்கையே கஷ்டம். சிறிய கட்டி என்றால், அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதும் சரியான வழிதான்.

சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் காட்டி, தேவைப்பட்டால் வேலூர் சி.எம்.சி. போன்ற இடத்துக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். காது மருத்துவர், நரம்பு அறுவை நிபுணர், கதிரியக்க நிபுணர் மூவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய நோய் இது. போகும்போது ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, ஸ்கேன் படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.