செல்லவும்

கேள்வி: எங்கள் பாடசாலை வாசலில் தரையில் வெள்ளைப் பெயின்ற்றால் எழுதியிருக்கிறார்கள். மேலிருந்து வாசித்தால் 'செல்லவும் / மெதுவாக / பாடசாலை' என்று வருகிறது. எந்த வரியை முதலில் வாசிப்பது?
– ஓர் ஆசிரியை, மாங்குளம்

பதில்: ரீச்சர், நீங்கள் மூன்று வரி எழுதியிருக்கிறீர்கள். நான் முதற் சொல்லிலேயே நின்றுவிட்டேன். செல்.

இலங்கையின் மற்றப் பக்கங்களில் அது வினைச்சொல். ஓமந்தை தாண்டி வன்னிக்குள் வந்தால் பெயர்ச்சொல்: போர்க்காலத்தில் வந்து விழுந்த எறிகணை. எங்கள் ஒழுங்கை முடக்கிலும் இப்படித்தான் எழுத வந்தார்கள். முதல் இரண்டு எழுத்தை எழுதிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். சைக்கிளில் வந்த ஐயா ஒருவர் காலை ஊன்றி நின்றார். தரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, இப்ப எழுதிப்போட்டோ அடிக்கிறாங்கள்?"

சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் 'லவும்' சேர்க்கும்வரை அவர் அந்த இடத்தைக் கடக்கவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். அமெரிக்கர்களின் விதிப்படி, சாரதிக்குக் கிட்ட இருக்கும் சொல்தான் முதற்சொல். கீழிருந்து மேலே ஏற வேண்டும்: பாடசாலை, மெதுவாக, செல்லவும். வேகமாக வருபவருக்குச் சொற்கள் ஒவ்வொன்றாகச் சில்லுக்கு முன்னால் வந்து சேரும் என்பது அவர்கள் கணக்கு. மணிக்கு 60 கிலோமீற்றரில் வந்தால் ஒரு செக்கனுக்குக் கிட்டத்தட்ட 17 மீற்றர் ஓடிவிடும். எழுத்தை இழுத்து நீட்டி எழுதுவதும் சாரதிக்காகத்தான். அவர் கண் தரையிலிருந்து 1.2 மீற்றர் உயரத்தில் இருந்தால், 30 மீற்றருக்கு அப்பால் கிடக்கும் 2.4 மீற்றர் எழுத்து அவருக்கு நிமிர்ந்து நிற்கும் கிட்டத்தட்ட 9 சென்ரிமீற்றர் எழுத்து மாதிரித்தான் தெரியும்.

60 இல் வருபவருக்கு அது நல்ல விதிதான். உங்கள் வாசலில் யார் வருகிறார்கள்? நெல்மூட்டையோடு லான்ட்மாஸ்ரர், அதற்குப் பின்னால் முந்தவும் முடியாமல் பின்தங்கவும் மனமில்லாமல் ஒரு சைக்கிள், ஓரமாக உங்கள் மாணவர்கள். இவர்களுக்கு மூன்று வரியும் ஒன்றாகத் தெரியும், புத்தகம் மாதிரி மேலிருந்துதான் வாசிப்பார்கள். செல்லவும், மெதுவாக, பாடசாலை. இதைவிடத் தெளிவான அனுமதி ஒரு பிள்ளைக்குக் கிடைக்குமா? நாளைக்கு முதலாம் பாடம் முடிந்தபிறகு ஒருவன் வந்து நின்றால் அவனை ஏச வேண்டாம். றோட்டிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறது.

நீங்கள் தமிழ்ப் பாடம் எடுப்பவரென்றால் இந்தத் தலைகீழ் உங்களுக்குப் பழக்கம். பாட்டின் சொற்களை எந்த ஒழுங்கில் சேர்த்துப் பொருள் எடுப்பது என்ற பொருள்கோள், நன்னூலில் எட்டு. அதில் ஒன்று அளைமறிபாப்பு: புற்றுக்குள் நுழையும் பாம்பு தலையை மடக்கி மேலே கொண்டுவருவதுபோல, பாட்டின் கடைசியில் நிற்பது மேலேறி இடையிலும் முதலிலும் போய்ச் சேரும். பவணந்தியார் அதைச் செய்யுளுக்குச் சொன்னார். தார் றோட்டில் பாம்பு கிடந்தால் நாங்கள் பொருள்கொள்வதில்லை, தடி தேடுவோம். ('றோட்டு' என்று எழுதியதற்காகப் போன வருடம் எனக்கு ஏழு பக்கக் கடிதம் போட்ட பண்டிதர் கவனிக்க: இந்தப் பதிலில் இன்னும் ஒரு தடவை வரும்.)

எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. பலகையில் சிங்களமா தமிழா மேலே என்று, தனிச் சிங்களச் சட்டம் வந்த 1956 இலிருந்து அடிபட்டோம். 1987 இல், அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில், தமிழும் அரசகரும மொழியானது. பலகையில் மட்டும் சண்டை ஓயவில்லை. தரையில் எழுதினால் கிட்ட இருப்பது முதல், மேலே இருப்பது கடைசி! எல்லாப் பலகையையும் கழற்றிப் படுக்கப் போட்டிருந்தால் மேலிடம் பிடித்தவர்களே வந்து "எங்களைக் கீழே போடுங்கோ" என்று கேட்டிருப்பார்கள்.

வன்னியில் எல்லோரும் ஒரே மாதிரி வாசித்த அறிவித்தல் ஒன்று இருந்தது. சிவப்புப் பலகை, மண்டையோடு, 'மிதிவெடி'. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஒரே சொல், ஒரே பொருள், படிக்காதவரும் நின்றார்.

ஆகவே மூன்று வரியும் வேண்டாம், றோட்டில் ஒன்று போதும். 'மெதுவாகச் செல்லவும்' என்று எந்த அம்மா மகனை வழியனுப்புகிறார்? "ஆறுதலாப் போ ராசா" என்பார். 'ஆறுதல்' என்று மட்டும் எழுதட்டும். நம்மவர்கள் வேகத்தைக் குறைப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் விருந்தினர், இங்கே யாரோ தவறிவிட்டார்கள் போல என்று நினைத்துத் தாமாகவே மெதுவாகப் போவார்கள்.

எழுத வரும்போது இடத்தை மட்டும் கொஞ்சம் ஓரமாக எடுக்கச் சொல்லுங்கள். நடுவில் இரவில் மாடு படுக்கும்.