கட்டடம் கேளுங்கள்: டோர் கவுன்ட்டியின் செங்கல் வீடுகள்

கேள்வி: என் மகள் அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலம் கிரீன் பேயில் இருக்கிறாள். வடக்கே டோர் கவுன்ட்டிப் பக்கம் காரில் போனபோது எடுத்த படங்களை அனுப்பினாள். மரத்துக்குப் பஞ்சமில்லாத ஊரில் பண்ணை வீடுகள் மட்டும் சிவப்புச் செங்கலில் நிற்கின்றன. சில வீடுகளின் பின்னால் ஒரு குட்டி அறை, அதன் முதுகில் கூன் போட்டது மாதிரி ஒரு கல் புடைப்பு. என்ன அது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: நல்ல கண் உங்கள் மகளுக்கு! அவர் போனது நமூர், பிரஸ்ஸல்ஸ், ரோசியர் வட்டாரமாக இருக்க வேண்டும். பெயரே சொல்லிவிடும், பெல்ஜியக்காரர்கள் ஊர். 1853 முதல் அங்கே குடியேறிய வலூன் (தெற்கு பெல்ஜியத்து) விவசாயிகள் காட்டை வெட்டி, வெட்டிய மரத்திலேயே வீடு கட்டிக்கொண்டார்கள்.

1871-இல் மழை பொய்த்தது. வெட்டிப் போட்ட கிளையும் சருகும் காய்ந்து கிடந்தன. அக்டோபர் 8 இரவு, சிகாகோ எரிந்த அதே இரவில், இங்கும் தீ புறப்பட்டது. மிக மோசமாக அழிந்த பெஷ்டிகோ ஊரின் பெயரால் பெஷ்டிகோ தீ என்பார்கள். இறந்தவர்கள் 1,200-க்குக் குறையாது என்பது கணக்கு. டோர் கவுன்ட்டியிலேயே வில்லியம்சன்வில் என்ற மர ஆலைக் குடியிருப்பு அன்றோடு சரி. பிறகு யாரும் அதைத் திரும்பக் கட்டவில்லை.

மிஞ்சியவர்கள் பிறகு செங்கலுக்கு மாறினார்கள். ஆனால் படத்தைப் பார்த்து முழுச் செங்கல் வீடு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல வீடுகளில் உள்ளே இருப்பது மரக்கட்டைச் சுவர்தான், வெளியே ஒற்றை வரிசைச் செங்கல் போர்வை. சுவரில் செங்கலின் நீளப் பக்கம் மட்டுமே தெரிந்து, குறுக்கே வைத்த கல்லின் குட்டைப் பக்கம் எங்குமே தென்படவில்லை என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். தீக்குப் பயந்து கட்டினார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். இருக்கலாம். முகப்பு உச்சியில் ஒரு வட்ட ஜன்னல், வாசல் வளைவில் வெளிர்நிறக் கல் என்று இழைத்திருப்பதைப் பார்த்தால், கொஞ்சம் மிடுக்கும் சேர்ந்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்தக் கூன், ரொட்டி அடுப்பு. குட்டி அறை கோடைக்காலச் சமையலறை. அடுப்பின் வாய் அறைக்குள்ளே, உடம்பு வெளியே. ரொட்டி போடுகிறவர் மழையில் நனைய வேண்டாம், சூடும் அறையை அடைக்காது, பெரிய வீட்டுக்கும் தீ பயமில்லை. அடுப்புக்குள்ளேயே விறகை எரித்து, வளைவு நன்றாகச் சூடேறியதும் தணலை வாரி வெளியே தள்ளிவிட்டு, அந்தச் சூட்டிலேயே ரொட்டி வேகும். ரொட்டி எடுத்த பிறகு தணிந்துகொண்டிருக்கும் சூட்டில் ‘பை’ (pie) என்ற பலகாரம். பெல்ஜியப் பை என்றால் ஈஸ்ட் மாவு அடியில், உலர்ந்த பிளம் பழக் கூழ் நடுவில், மேலே பாலாடைக்கட்டி. விறகுச் செலவைப் பார்த்துச் சமைத்தவர்களின் வரிசை அது.

கேள்வி: அமெரிக்கப் பண்ணைக் களஞ்சியம் என்றாலே சிவப்பாக இருப்பது ஏன்?
– வாசகர், சிவகாசி

பதில்: மலிவு. ஆளிவிதை எண்ணெயில் இரும்பு ஆக்சைடைக் கலந்தால் பலகை உளுக்காது, காசும் குறைவு. நம் கம்பிக் கதவுக்கு முதல் கோட்டாக அடிக்கிறோமே ரெட் ஆக்சைடு, அதே சரக்குதான். ஆனால் முந்தைய கேள்வியில் வந்த பெல்ஜியப் பண்ணைகளில் சாயமே காணாத மரக்கட்டைக் களஞ்சியங்களும் உண்டு. வீட்டுக்குச் செங்கல் போர்த்தியவர்கள் மாட்டுக்கும் வைக்கோலுக்கும் மரம் போதும் என்று விட்டுவிட்டார்கள்!

கேள்வி: இந்த மாதிரி வீடுகளை உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?
– வாசகர், மதுரை

பதில்: நமூர் வட்டாரம் 1990-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதற்காக யார் வீட்டு முற்றத்திலும் நுழைந்துவிடக் கூடாது. பலவற்றில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், டிராக்டர் நிற்கும், நாயும் இருக்கும். ஓரமாகக் காரை நிறுத்திப் பாருங்கள், சாலையோரத்தில் நாலைந்து பேர் நிற்கக்கூடிய குட்டிப் பிரார்த்தனைக் கூடங்களும் கண்ணில் படும். உள்ளே பார்க்கவே வேண்டுமென்றால் கிரீன் பே பக்கத்தில் ஹெரிடேஜ் ஹில் பூங்காவுக்குப் போங்கள். பெல்ஜியப் பண்ணை ஒன்றை அடுப்போடு அங்கே வைத்திருக்கிறார்கள். திறந்திருக்கும் நாளை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், அந்த ஊர்க் குளிர்காலம் நீளம்.