பாலடினை மாற்றவேண்டாம்

தம்பி, பண்டாரவளையில் நண்பர்களோடு, ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டை ஆடும்போது உங்கள் பாலடின் (அறம் காப்பதாகச் சபதமெடுத்து, அதனால் தெய்வசக்தி பெற்ற வீரன்) எல்லோருக்கும் புத்தி சொல்லிக்கொண்டே இருக்கிறான், வேறு பாத்திரம் எடு என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மாற்றவேண்டாம். 2003இல் தொடங்கிய ‘தி ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்’ இணையச் சித்திரக்கதையில் வரும் இரண்டு பாலடின்களைப் பாருங்கள். மீக்கோ தான் நினைத்ததே நீதி என்று தன் தலைவரையே வெட்டுகிறாள். பாலடின் சக்தி அந்த இடத்திலேயே போய்விடுகிறது. ஓ-சுல் சிறையில் வதைபடும்போதும் எதிரியின் பக்கமிருக்கும் பூதத்திடம் அன்பாகப் பேசுகிறான், அது அவனுக்கு நண்பனாகிறது. எனக்கு அவன்தான் பாலடின்.

ஹட்டனில் எங்கள் ஆட்டத்தில், பிடிபட்ட கொள்ளைக்காரனுக்கு என் பாலடின் ஒன்றும் சொல்லாமல் தன் போர்வையைக் கொடுத்தான். கள்வனாக ஆடிய நண்பன் உருட்ட எடுத்த பகடையைப் பிளேன்டிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, “சரி, நானும் காவல் இருக்கிறேன்” என்றான். அடுத்த ஆட்டத்தில் உங்கள் பாலடினும் பேச்சைக் குறைத்து, முதல் அடியைத் தான் வாங்கட்டும்.