தரம் 10 ஆங்கிலம்: நடுத்தவணையில் நின்றுபோகும் கொப்பிகள்

கேள்வி: மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பகுதியில் தமிழ் மொழிமூலப் பாடசாலை ஒன்றில் தரம் 10, 11 வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். நியமனம் கிடைத்து இது இரண்டாவது வருடம். தவணை தொடங்கும்போது எல்லாரும் கொப்பி தருகிறார்கள். ஐந்தாறு வாரத்தில் பாதிப்பேர் தருவதில்லை. சத்தம் போட்டால் அடுத்த நாள் யாருடையதையாவது பார்த்து எழுதிக்கொண்டு வருகிறார்கள். ஒரு பையன் இரண்டு வாரமாகப் பாடசாலைக்கே வரவில்லை. கொழும்பில் கடை வேலைக்குப் போகப்போகிறான் என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். தவணை முடிவில் கணிப்பீட்டுப் புள்ளி (வகுப்பு வேலைக்கான புள்ளி) போட உட்கார்ந்தால் கையில் ஒன்றுமில்லை. பிள்ளைகளைத் தொடர்ந்து வேலை செய்ய வைப்பது எப்படி?

பதில்: டீச்சர், ஐந்தாறு வாரத்தில் நின்றுவிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அது தெரியவருவது அப்போதுதான். பிள்ளை விட்டுப்போனது அநேகமாக இரண்டாவது, மூன்றாவது வாரத்திலேயே. மழைக்கு மண் சரிந்து பாதை மூடியிருக்கும். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து தம்பியைப் பார்க்க வீட்டில் நின்றிருக்கும். திரும்பி வந்தபோது கடிதத்தில் பாதி முடிந்திருக்கும். முன்பாதி அதனிடம் இல்லை. பின்பாதியையும் எழுதாது. பிறகு திருத்தம், அதற்குப் பிறகு அடுத்த பாடம். தோட்டத்துக் கடையில் கடன் பற்று ஏறிவிட்டால் அந்தக் கடைப் பக்கமே போகாமல் சுற்றுவழியில் நடப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிள்ளையும் அப்படித்தான் கொப்பியை மறைக்கிறது, கடைசி வாங்குக்குப் போகிறது, கடைசியில் ஆங்கிலப் பாடம் உள்ள நாளில் வராமல் விடுகிறது.

ஆகவே நான் முதலில் சொல்வது இதுதான்: விட்டுப்போன பாக்கியைக் கேட்காதீர்கள். 'விட்டதெல்லாம் எழுதிக்கொண்டு வா' என்று சொன்னால் நல்ல பிள்ளையும் பார்த்து எழுதத்தான் செய்யும். ஏழு பாடத்தை ஒரே இரவில் வேறு எப்படி முடிப்பது? இன்றைய வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். பழையதில் எது கட்டாயம் வேண்டுமோ அதை மட்டும், ஒன்றொன்றாக வாங்குங்கள்.

எது கட்டாயம்? தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையையே அளவாக வைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் இரண்டு வினாத்தாள்களிலும் சேர்த்து 16 சோதனைகள். அவற்றில் பிள்ளை சொந்தமாக எழுத வேண்டியவை கொஞ்சம்தான்: ஒரு சிறு அறிவித்தலோ குறிப்போ, ஒரு கடிதம், ஒரு படத்தையோ வரைபையோ பார்த்து விவரிப்பது, ஒரு கட்டுரை. ஒரு தவணைக்கு இந்த நான்கையும் ஒவ்வொன்று, சுத்தமாக, சொந்தமாக. இந்த நான்கையும் கொப்பியின் பின்னட்டையில் நான்கு கட்டமாக வரையச் சொல்லுங்கள். ஒன்று முடிந்ததும் நீங்கள் சிவப்புப் பேனையால் திகதி போட்டுக் கையெழுத்திடுங்கள். பாடநூலிலும் பயிற்சிநூலிலும் வரும் மற்ற வேலைகள் பழக்கத்துக்கு. அவை தவறினால் தவறியவைதான், அவற்றைத் துரத்த வேண்டாம். பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கும் இதே நான்கைப் பயன்படுத்தினால் தவணை முடிவில் வெறுங்கையோடு உட்கார மாட்டீர்கள்.

அடுத்தது, எழுத்து வேலையை வீட்டுக்கு அனுப்புவது. இதை நான் முற்றாகவே நிறுத்தச் சொல்வேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) அடுப்பும் டீவியும் தம்பி தங்கையும் ஒன்றாக இருக்க, கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து அம்மா வந்து சேரும்வரை சோறு வைப்பதும் பீலியில் தண்ணீர் பிடிப்பதும் அந்தப் பிள்ளையின் வேலையாக இருக்க, இருநூறு சொல் கட்டுரையை அது எங்கே உட்கார்ந்து எழுதும்? பொறுப்பில்லாத பிள்ளை என்று சொல்லிவிடுவது எளிது. சொந்தமாக எழுதுவதெல்லாம் வகுப்பில், உங்கள் கண்முன்னால் நடக்கட்டும். வீட்டுக்குச் சொல் படிப்பதையும் ஒரு பந்தியை வாய்விட்டு வாசிப்பதையும் மட்டும் கொடுங்கள்.

ஒரே பாடவேளையில் கடிதம் எழுதி முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது, நான்கு பாடவேளையாகப் பிரிக்க வேண்டும். கோயில் திருவிழாவுக்கு வேறு ஊர் நண்பனை அழைக்கும் கடிதம் என்று வைப்போம். முதல் நாள் பேச்சு மட்டும், அதுவும் தமிழிலேயே: தேர் எப்போது, எந்தப் பாதையால் வருவது, எங்கே தங்குவது. பிள்ளை ஐந்து விஷயத்தைத் தமிழில் குறித்துக்கொள்ளட்டும். ஆங்கில வகுப்பில் தமிழா என்று யாராவது முகம் சுளித்தால் கவலைப்படாதீர்கள். சொல்ல ஒன்றுமில்லாத பிள்ளைக்கு எந்த மொழியிலும் வாக்கியம் வராது. இரண்டாம் நாள் பதினைந்து நிமிடம் மௌனமாக எழுத்து, ஐந்து விஷயத்துக்கு ஐந்து வாக்கியம். மூன்றாம் நாள் திருத்தம். நான்காம் நாள் சுத்தப் பிரதி. வாரத்தில் ஐந்தாவது பாடவேளை ஒன்று கிடைத்தால் அதில் புதுப்பாடம் தொடாதீர்கள். நடுவில் வராமல் போனவர்கள் விட்ட துண்டை எழுதுவதற்கான நேரம் அது. மற்றவர்கள் வாசிக்கலாம்.

திருத்தும்போது ஒரு தடவைக்கு ஒரே வகைப் பிழையை மட்டும் பாருங்கள். 'அவர் (our) டெம்பிள் ஃபெஸ்டிவல் ஈஸ் கம் நெக்ஸ்ட் வீக்' என்று ஒரு பையன் எழுதியிருக்கிறான் என்று வையுங்கள். எழுத்துக்கூட்டலிலும் இரண்டு பிழை. வழக்கமாக நாம் மூன்றையும் வளைத்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தையே சிவப்பாக்கிவிடுவோம். அவன் அதை அப்படியே பார்த்து இறக்குவான். அதைவிட இந்த வாரம் வினைச்சொல் மட்டும் என்று முடிவுசெய்து, 'ஈஸ் கம்' என்பதன் கீழ் ஒரு கோடு மட்டும் போட்டுக் கொடுங்கள். சரியானதை எழுதிவிடாதீர்கள். 'ஈஸ் கமிங்' என்று அவனோ பக்கத்துப் பிள்ளையோ கண்டுபிடிக்கட்டும். அடுத்த வாரம் எழுத்துக்கூட்டல். இப்படிச் செய்தால் முப்பது கொப்பியையும் இடைவேளையிலேயே வரிசை வரிசையாகப் பார்த்து முடிக்கலாம். கொடுத்த கொப்பி அடுத்த நாளே கைக்கு வருவதும் முக்கியம். இரண்டு வாரம் மேசையில் கிடந்த கொப்பியைத் திரும்பத் தந்தால் எதற்காக எழுதினோம் என்பதே பிள்ளைக்கு மறந்திருக்கும்.

வராத பிள்ளைக்குச் செய்தி போக ஒரு வழி வேண்டும். பக்கத்து இருக்கைக்காரரைச் சோடி சேர்க்காமல் டிவிஷன்படி, அதாவது தோட்டத்தில் குடியிருக்கும் பிரிவுப்படி சேருங்கள். மேல் டிவிஷன் பிள்ளைக்கு மேல் டிவிஷன் பிள்ளை. மாலையில் ஒரே லயத்துக்குத் திரும்புகிறவர்கள் என்பதால் 'இன்றைக்கு ஐந்து வாக்கியம் எழுதினோம், நாளைக்குத் திருத்தம்' என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுக்கலாம். வாட்ஸ்அப் குழு இருந்தால் நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். பல வீடுகளில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு போய்விடும். சில லயங்களில் சிக்னலுக்கு மேட்டுக்கு ஏற வேண்டும்.

இதுவரை சொன்னது எழுதத் தெரிந்தும் விட்டுப்போன பிள்ளைகளுக்கு. உங்கள் வகுப்பில் வேறொரு கூட்டமும் இருக்கும்: ஆங்கிலம் வாசிக்கவே தெரியாமல் தரம் 10 வரை வந்தவர்கள். இவர்கள் நன்றாக ஒளிந்துகொள்வார்கள். அழகான கையெழுத்தில் கரும்பலகையில் உள்ளதையெல்லாம் பார்த்து எழுதுவார்கள், குழப்படி செய்யமாட்டார்கள், எழுதியதில் ஒரு வரிகூட வாசிக்க வராது. கண்டுபிடிக்க ஒரே வழி, தரம் 6 பாடநூலில் ஒரு பந்தியைத் தனியாக, மற்றவர்கள் கேட்காத இடத்தில் வாசிக்கச் சொல்வது. ஆளுக்கு இரண்டு நிமிடம் போதும். தவணையின் முதல் இரண்டு வாரத்திலேயே இதை முடித்துவிடுங்கள். இவர்களுக்கும் தலைப்பு எல்லாருக்கும் உள்ளதேதான், ஆனால் வாக்கியத்தின் முன்பாதியை நீங்கள் கொடுங்கள், பின்பாதியை அவர்கள் நிரப்பட்டும். வாரத்தில் மூன்று நாள் பத்து நிமிடம் வாசிப்பு, நன்றாக வாசிக்கும் ஒரு பிள்ளையோடு. பரீட்சையில் 35 புள்ளிக்கு எஸ் (சாதாரண சித்தி), 50 புள்ளிக்கு சி (திறமைச் சித்தி), 35க்குக் குறைந்தால் டபிள்யூ, அதாவது சித்தியில்லை. படம் பார்த்துப் பொருத்துவது, தந்த சொல்லால் இடைவெளி நிரப்புவது போன்ற சோதனைகளில் பழகினாலே டபிள்யூவிலிருந்து எஸ்ஸுக்கு வந்துவிடலாம். அதை அந்தப் பிள்ளையிடமே கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 'நீயும் படி' என்று பொதுவாகச் சொல்வதில் பிடிப்பு வராது.

பார்த்து எழுதுவதற்குக் காவல் நிற்பதைவிடத் தலைப்பை மாற்றுவது மேல். பாடசாலை நூலகம், செல்லப்பிராணி என்றால் எல்லாரும் ஒரே வழிகாட்டிப் புத்தகத்திலிருந்து ஒரே கட்டுரையைத்தான் கொண்டுவருவார்கள். உங்கள் அம்மா காலையில் பெரட்டுக்குப் (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போவதிலிருந்து பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வருவதுவரை எழுது. பாடசாலை வாசலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வழி சொல். காமன் கூத்தில் (மன்மதன், ரதி கதையை ஆடும் தோட்டத்துக் கூத்து) ரதி வேஷம் கட்டுபவர் எப்படித் தயாராகிறார் என்று அவரிடமே தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுது. இவற்றுக்கு எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை. செயன்முறையை வரிசைப்படுத்துவது, வழிகாட்டுவது, ஒருவரை விவரிப்பது என்று பரீட்சைக்குத் தேவையான பழக்கமெல்லாம் இதற்குள் வந்துவிடும்.

காமன் கூத்து என்றதும் நாட்காட்டி ஞாபகம் வருகிறது. மாசியில் காமன் பொட்டலில் இரவு முழுக்க நிற்கும் பையனிடம் காலையில் கட்டுரை கேட்பது வீண். மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கமென்றால் டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமியிலிருந்து) வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். சனி ஞாயிறுகளில் கடைகளில் உதவிக்கு நிற்கும் பிள்ளைகள் உண்டு. தோட்டத் திருவிழா, இல்ல விளையாட்டுப் போட்டி, பொங்கல், தீபாவளி எல்லாவற்றையும் தவணை தொடக்கத்திலேயே நாட்காட்டியில் குறித்துவிட்டு, இடையில் மிஞ்சும் வாரங்களில் அந்த நான்கு வேலையையும் வையுங்கள். தரம் 11க்குப் பரீட்சை நாளிலிருந்து பின்னோக்கி வாரங்களை எண்ணுங்கள். 2023ஆம் ஆண்டுப் பரீட்சை 2024 மே மாதத்திலும், 2024ஆம் ஆண்டுப் பரீட்சை 2025 மார்ச்சிலும் நடந்தன. டிசம்பர்தானே என்று பழைய கணக்கிலேயே இருக்காமல், அந்தந்த வருடத்துக்கு அறிவித்த திகதியைப் பாருங்கள்.

பெற்றோரைப் பற்றி ஒன்று. வார நாளில் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் அவர்களுக்கு அரைப் பேரோ முழுப் பேரோ, அதாவது அரைநாள் அல்லது முழுநாள் சம்பளம் போய்விடும். வராவிட்டால் அக்கறையில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமையோ வேலை விட்ட பிறகோ வையுங்கள், முடிந்தால் தோட்டத்திலேயே, கோயில் மண்டபத்தில். பிள்ளைக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்காதீர்கள். பின்னட்டையைத் திறந்து காட்டுங்கள்: 'இந்த நான்கு கட்டத்தில் சிவப்புக் கையெழுத்து விழுகிறதா என்று மட்டும் பாருங்கம்மா.' எழுத்துத் தெரியாத பாட்டிகூட அதைப் பார்த்துவிடுவார். ஆனால் வகுப்புச் சுவரில் பெயர்ப்பட்டியல் ஒட்டி யார் முடிக்கவில்லை என்று காட்டும் வேலை வேண்டவே வேண்டாம். அது பின்தங்கிய பிள்ளையை வாசலுக்கு வெளியே தள்ளும்.

கடைசியாக அந்தப் பையன். இது ஆங்கிலக் கொப்பியை விடப் பெரிய விஷயம், தள்ளிப்போடாதீர்கள். இலங்கையில் 5 வயதிலிருந்து 16 வயதுவரை கல்வி கட்டாயம், 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைப்பதும் சட்டப்படி முடியாது. தரம் 10 பிள்ளை அநேகமாக அந்த வயதுக்குள்தான் இருப்பான். நாளைக்கே அதிபரிடம் சொல்லி, வரவைப் பதிவில் காட்டி, அந்த டிவிஷனைத் தெரிந்த ஒரு சேரையோ மிஸ்ஸையோ கூட்டிக்கொண்டு மாலையில் வீட்டுக்குப் போங்கள். சட்டத்தைச் சொல்லி மிரட்டிப் பேச்சைத் தொடங்காதீர்கள்; வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். காசு முடையா, அப்பாவுக்குச் சுகமில்லையா, இல்லை வகுப்பில் ஏதாவது அவமானமா? காசு முடை என்றால் எந்த உதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்று அதிபரும் கிராம உத்தியோகத்தரும் பார்க்கலாம். ஏற்கெனவே அனுப்பிவிட்டார்கள், பிள்ளைக்குப் பாதுகாப்பில்லை என்று தெரிந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம். பையன் வீட்டில் இருந்தால், இரண்டு வார வேலை பாக்கி என்று வாயே திறக்காதீர்கள். அவன் சோடியின் கொப்பியைக் காட்டி, 'திங்கட்கிழமை கடிதம் தொடங்குகிறோம், முதல் நாள் பேச்சு மட்டும்தான், வந்து உட்கார்' என்று சொல்லுங்கள்.