கடன் வாங்கி பி.டி. டீச்சர் ஆகலாமா?

கேள்வி: பள்ளிப் படிப்பை முடித்துவிட்டேன். ஏழு வருடமாக வாலிபால் ஆடுகிறேன். உடற்கல்வியில் நான்கு வருடப் பட்டம் படித்து பி.டி. டீச்சர் ஆக ஆசை. இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்றில் கட்டணம் குறைவு; பெரிய மைதானம் உண்டு, வேறு வசதி இல்லை. இன்னொன்றில் நீச்சல் குளம், உள்ளரங்கம் எல்லாம் இருக்கிறது, ஆனால் கட்டணம் நான்கு மடங்கு. எங்கே சேர்ந்தாலும் கடன்தான். "விளையாடுறதுக்கு யாராவது கடன் வாங்குவாங்களா?" என்கிறார் அப்பா. என்ன செய்யலாம்?

பதில்: அப்பா சொல்வதில் பாதி சரி, மகளே. கடனுக்குப் பயப்படுவது சரி. "விளையாடுறதுக்கு" என்றாரே, அது தப்பு. உடற்கூறியல், உடலியங்கியல், விளையாட்டு உளவியல், கற்பித்தல் முறை என்று நான்கு வருடமும் எழுத்துத் தேர்வு துரத்தும். மைதானத்தில் புலியாகப் பாய்ந்துவிட்டு உடலியங்கியல் தாளில் அரியர் வைத்தவர்களோடுதான் நானும் படித்தேன்.

இனி பணத்துக்கு வருவோம். பள்ளிகளில், முக்கியமாக அரசு நடத்தும் பள்ளிகளில், சம்பளம் பெரும்பாலும் தகுதியையும் சர்வீஸையும் பார்த்துப் போடுவது. நீ படித்த கல்லூரியில் நீச்சல் குளம் இருந்ததா என்று கேட்டுச் சம்பளம் போடுவதில்லை. அதாவது, இரண்டு கல்லூரியில் எதில் படித்தாலும் முதல் மாதம் கைக்கு வருவது ஏறக்குறைய ஒன்றுதான். மாறப்போவது கடன் மட்டும்தான்.

அந்த முதல் மாதச் சம்பளத்தையே அளவுகோலாக வைத்துக் கணக்குப் போடுவோம். மலிவான கல்லூரிக்கு 6 மாதச் சம்பளம் அளவுக்கும், வசதியான கல்லூரிக்கு 24 மாதச் சம்பளம் அளவுக்கும் கடன் என்று வைத்துக்கொள். வட்டி 10 சதவீதம். கடனை ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் சம பங்காகத் தருகிறார்கள், படிக்கிற காலத்துக்குத் தனிவட்டி. நீ பட்டம் வாங்கும்போது 24 என்பது 30 ஆகியிருக்கும். நீ ஒரு சம்பளம்கூட வாங்கியிருக்க மாட்டாய், அதற்குள் கால் பங்கு ஏறிவிட்டது! அதை 10 வருடத்தில் அடைக்க, மாதத் தவணை சம்பளத்தில் 40 சதவீதம். மொத்தம் கட்டுவது 47 மாதச் சம்பளத்துக்கும் மேல். வாங்கியதைப் போல இரண்டு மடங்கு.

தவணையைக் குறைக்க 15 வருடம் கேட்டால்? மாதம் 32 சதவீதமாக இறங்கும், மொத்தம் 58 மாதச் சம்பளமாக ஏறும். பாங்க்காரர் "தவணை கம்மிதான் மேடம்" என்று சொல்லும்போது இந்த இரண்டாவது எண்ணையும் கேள்.

மலிவான கல்லூரியில் 6 என்பது ஏழரை ஆகும். 5 வருடத்தில் அடைத்தால் தவணை 16 சதவீதம், மொத்தம் ஒன்பதரை மாதச் சம்பளம். இதைச் சுமந்துகொண்டு மனுஷி வாழலாம். சம்பளம் வருடா வருடம் கொஞ்சம் உயரும், உண்மைதான். ஆனால் ஆரம்ப வருடங்களில்தான் வாடகை, கல்யாணம், குழந்தை எல்லாம் வரிசைகட்டி வரும். மொத்தக் கடன் முதல் வருடச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்பது பலரும் சொல்லும் ஒரு தோராய அளவு. உன் வேலைக்கு நான் இன்னும் கறாராக இருப்பேன்: அதில் பாதிக்குள் நிறுத்து. ஏனென்றால், நிரந்தர வேலை உடனே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு பள்ளிக்குக் கணக்கு ஆசிரியர் நாலு பேர் வேண்டியிருக்கும், பி.டி. டீச்சர் ஒருவரே போதும் என்பார்கள். நடுவில் ஒப்பந்த வேலை, ஜிம் டிரெய்னர், பகுதி நேரக் கோச் என்று இரண்டு மூன்று வருடம் போகலாம். ஜிம்மில் வருமானம் ஆள் சேர்வதைப் பொறுத்தது. கடன் தவணை அதையெல்லாம் பார்க்காது.

கல்லூரி விளம்பரத்தில் தேசிய அணிக் கோச்சாக இருக்கும் பழைய மாணவர் படம் இருக்கும். அவரை விடு. நடுவில் நிற்கிறவர் எவ்வளவு வாங்குகிறார் என்று கேள். அமெரிக்காவில் இதற்காகவே 2015 முதல் காலேஜ் ஸ்கோர்கார்டு என்ற அரசு இணையதளம் இருக்கிறது. அதில் ஒரு கல்லூரியின் பல படிப்புகளுக்கு நடு வருமானமும் நடுக் கடனும் தனித்தனியாகப் பார்க்கலாம். அதிலும், மத்திய அரசின் கல்வி உதவி பெற்றவர்கள் மட்டுமே அந்தக் கணக்கில் வருவார்கள் என்பதை மறக்கக் கூடாது. அப்படி ஒரு பட்டியல் உன் கைக்கு எட்டவில்லை என்றால், போன வருடம் முடித்தவர்கள் பத்துப் பேரைத் தேடிப்பிடித்துப் பேசு. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்பதையும் கேள். பட்டம் இல்லாமல் கடன் மட்டும் மிஞ்சுவதைவிட மோசமான நிலை இதில் இல்லை.

இன்னொரு விஷயத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். மூன்றாம் வருடம் எனக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தது. செய்முறைத் தேர்வு எழுத முடியாமல் ஒரு வருடம் போயிற்று. வட்டிக்கு மட்டும் காலில் ஒன்றுமில்லை, அது ஓடிக்கொண்டே இருந்தது. அதனால் காயம்பட்டால் தேர்வைத் தள்ளிவைக்க முடியுமா, தவணை தொடங்கும் நாளும் கூடவே தள்ளிப்போகுமா என்று கல்லூரியிடமும் பாங்க்கிடமும் எழுத்தில் வாங்கிக்கொள். மருத்துவக் காப்பீடும் எடு.

படிக்கும்போதே காலையில் சின்னப் பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லிக்கொடு, நடுவர் தேர்வு எழுது. வருகிற காசில் வட்டியை மட்டுமாவது அப்போதே கட்டிவிட்டால், அந்த 6 ஏழரை ஆகாமல் ஆறாகவே நிற்கும்.

மலிவான கல்லூரியில் சேர். ஆனால் சேரும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்: அதன் பட்டத்தை ஆசிரியர் வேலைக்கு ஏற்கிறார்களா? இல்லையென்றால் என் கணக்கு அத்தனையும் வீண். நீச்சல் கற்க, விடுமுறையில் இரண்டு மாதம் எங்காவது ஒரு குளத்தில் பணம் கட்டிச் சேர்ந்தால் போதும்.