பூமியின் வளைவை நீங்களே அளந்து பார்த்திருக்கிறீர்களா?

பூமி தட்டை என்று நம்புகிறவரிடம் எப்படி வாதிடுவது, அதன் வளைவை நாமே அளக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அளக்க முடியும். முப்பது ஆண்டுகள் நில அளவை வேலையில் இருந்தவன் நான். என் அக்கா மகனோடு நடந்த வாதத்தை வைத்தே சொல்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் கேட்டான்: "மாமா, இத்தனை வருடம் கால்வாய், சாலை எல்லாம் அளந்தீர்களே, ஒரு நாளாவது பூமியின் வளைவைக் கணக்கில் சேர்த்தீர்களா?" வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அது நல்ல கேள்வி. விண்வெளிப் படத்தைக் காட்டி அவன் வாயை அடைத்திருக்கலாம். ஆனால் அவன் படத்தைக் கேட்கவில்லை, என் வேலையைக் கேட்டான்.

லெவல் கருவியை, அதாவது மட்டம் பார்க்கும் தொலைநோக்கியை, முக்காலியில் பொருத்தி, பின்னால் ஒரு ஸ்டாஃப் (அளவு குறித்த நெடுங்கோல்), முன்னால் ஒரு ஸ்டாஃப் பிடிக்கச் சொல்லி அளவு படிப்போம். இரண்டும் கருவியிலிருந்து ஏறக்குறைய சம தூரத்தில் இருக்க வேண்டும் என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லித்தரும் பாடம். கருவி பார்ப்பது நேர்க்கோட்டில். தண்ணீர் மட்டமோ போகப்போக அந்தக் கோட்டை விட்டுக் கீழே இறங்குகிறது. 50 மீட்டரில் அந்த இறக்கம் 0.2 மில்லிமீட்டர்தான். 500 மீட்டரில் 2 சென்டிமீட்டர், ஒரு கிலோமீட்டரில் ஏறக்குறைய 8 சென்டிமீட்டர். முன்னும் பின்னும் தூரம் சமமாக இருந்தால் இரண்டு பக்கத்துப் பிழையும் ஒன்றையொன்று கழித்துவிடும். எங்கள் லெவல் புத்தகத்தில் வளைவுக்கென்று தனிக் கட்டம் இல்லாததற்குக் காரணம் இதுதான். வளைவைக் கணக்கில் எடுக்காமல் இல்லை. நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே எடுத்துவிடுகிறோம்.

ஆற்றைக் கடக்கும்போது இந்த வசதி கிடைக்காது. இளவயதில் கொள்ளிடக் கரையில் ஒரு வேலை. ஸ்டாஃப் எதிரே 400 மீட்டர் தள்ளி நின்றது. இந்தக் கரையிலிருந்து எடுத்த உயர வித்தியாசமும், கருவியை அக்கரைக்குக் கொண்டுபோய் எடுத்ததும் 2 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக மாறுபட்டன. தப்பாகப் படித்துவிட்டேன் என்று பதறிப்போய் மறுபடி மறுபடி எடுத்தேன், அதே வித்தியாசம். அன்றைய மேலதிகாரி நிதானமாக, "பூமி உருண்டையப்பா, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கு" என்றார். வளைவையும் காற்றில் ஒளி வளைவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் 400 மீட்டருக்கு ஒரு பக்கம் 1.1 சென்டிமீட்டர் வர வேண்டும். இரண்டு பக்கம் 2.2. அன்றைக்குத்தான் அந்தச் சூத்திரம் எனக்கு உயிருள்ளதாகப் பட்டது.

இதைச் சொன்னதும் அவன் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு கால்வாய்ச் சோதனையைக் கொண்டுவந்தான். 1838இல் சாமுவேல் ரோபாதம் என்பவர் அந்தக் கால்வாயில் இறங்கி, தண்ணீருக்கு 20 சென்டிமீட்டர் மேலே கண்ணை வைத்து, ஆறு மைல் தள்ளிப்போன படகைத் தொலைநோக்கியில் கடைசிவரை பார்த்தார். உண்மையில் அது மறைந்திருக்க வேண்டும். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்திருக்கும்போது ஒளி கீழ்நோக்கி வளைந்து, மறைய வேண்டியதையும் தூக்கிக் காட்டும். ஆகவே அளவு எடுக்க மிக மோசமான இடம் தண்ணீரை ஒட்டிய அந்த ஒரு சாண் உயரம்.

1870இல், பூமி தட்டை என்று நம்பிய ஜான் ஹாம்டன் என்பவர் வளைவை நிரூபித்துக் காட்டுவோருக்கு 500 பவுண்டு என்று பந்தயம் கட்டினார். ஏற்றுக்கொண்டவர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ். இயற்கைத் தேர்வுக் கொள்கையை டார்வினைப் போலவே தனியாகக் கண்டடைந்தவர், இளமையில் நில அளவை வேலை பார்த்தவர். அவர் அதே கால்வாயில் பார்வைக்கோட்டைத் தண்ணீருக்கு 4 மீட்டர் மேலே உயர்த்தினார். இரு முனைகளிலும் நடுவிலும் ஒரே உயரத்தில் அடையாளங்கள் வைத்தார். நடுவில் இருந்தது மேலே தூக்கித் தெரிந்தது. நடுவர் வாலஸ் பக்கம் தீர்ப்பளித்தார். ஹாம்டன் தொலைநோக்கியில் கண்ணை வைக்கவே மறுத்துவிட்டு, அதன்பின் ஏறக்குறைய 15 ஆண்டுகள் வாலஸை வசைக் கடிதங்களால் வதைத்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வாலஸை நினைத்து மனம் கனக்கும். பந்தயம் கட்டியதுதான் கெடுதல். பணமும் மானமும் நடுவே வந்துவிட்டால் யாரும் கண்ணைத் திறக்க மாட்டார்கள்.

அதனால் நாங்கள் பந்தயம் கட்டவில்லை. என்ன பார்க்கப்போகிறோம், பூமி தட்டையாக இருந்தால் என்ன தெரிய வேண்டும், உருண்டையாக இருந்தால் என்ன தெரிய வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். மைலின் வர்க்கத்தை எட்டு அங்குலத்தால் பெருக்கினால் மறைவு கிடைக்கும் என்பது அவன் கணக்கு. அதில் கண்ணின் உயரமே வரவில்லை என்று காட்டியதும் ஒப்புக்கொண்டான். பெரும்பாலான வாதங்கள் தடம் புரள்வது இந்த இடத்தில்தான்.

முந்தின இரவு மழை பெய்து காற்று தெளிந்திருந்த ஒரு காலையில் மெரினாவுக்குப் போனோம். நங்கூரம் பாய்ச்சி நின்ற சரக்குக் கப்பல் ஒன்று 15 கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதாகக் கைப்பேசிச் செயலி காட்டியது. கண் கடல் மட்டத்துக்கு 2 மீட்டர் மேலே இருக்கும்படி மணலில் உட்கார்ந்தோம். அடிவானம் 5 கிலோமீட்டரில். கப்பலின் அடியில் 8 மீட்டர் மறைய வேண்டும், ஒளி வளைவைச் சேர்த்தால் சற்றுக் குறைவாக. கேமராவில் எவ்வளவு பெரிதாக்கினாலும் பெட்டிகள்தான் பெரிதாயின. சிவப்பு வண்ணம் பூசிய அடிப்பகுதி வரவேயில்லை. பிறகு கலங்கரை விளக்கத்தின் லிஃப்டில் ஏறினோம். அங்கே கண் 45 மீட்டருக்கு மேலே. அதே கப்பலின் சிவப்புப் பட்டையும் அது தண்ணீரைத் தொடும் கோடும் பைனாகுலரில் தெளிவாகத் தெரிந்தன.

அவன் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. நான் பரங்கிமலை இருக்கும் திசையைக் காட்டினேன். 1802இல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் அங்கேதான் நூறடி எஃகுச் சங்கிலியால் 12 கிலோமீட்டர் கோடு ஒன்றை 57 நாட்கள் அளந்தார். ஒரு பாகைக்கு நிலம் எவ்வளவு நீளம் என்று கண்டு பூமியின் வடிவத்தை அறிவதும் அவர் நோக்கம்.

"சரி மாமா, ஆனால் இங்கிருந்தும் அடிவானம் நம் கண் மட்டத்தில்தானே இருக்கிறது?" என்றான். இல்லை, இந்த உயரத்தில் அது ஏறக்குறைய 13 கலை (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) கீழே இருக்கும், முழுநிலவின் அகலத்தில் பாதிகூட இல்லை, வெறுங்கண்ணுக்குப் பிடிபடாது என்றேன். 11ஆம் நூற்றாண்டில் அல்-பிரூனி என்ற அறிஞர், இன்றைய பாகிஸ்தானில் உள்ள நந்தனா கோட்டை அருகே ஒரு மலையிலிருந்து இந்த இறக்கத்தை அளந்துதான் பூமியின் ஆரத்தைக் கணித்தார் என்றும் சொன்னேன். அவன் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. பரணிலிருந்து கோணம் அளக்கும் என் பழைய தியோடலைட்டை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறான். அடுத்து எந்த மலையில் ஏறுவது என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.